கனசதுரத்தில் ஒரு விளிம்புக்குச் செங்குத்தான விளிம்புகள் நாலா, எட்டா?

மாலைவகுப்பு (கேள்வி)

அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனாலும் விடைத்தாளோடு தகராறு வந்தால் பஞ்சாயத்துக்கு என்னிடம்தான் வருவாள். இந்த முறை தீர்ப்புச் சொல்லத் தெம்பில்லாமல் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

பயிற்சித்தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி. ஒரு கனசதுரம். கீழ்முகத்தின் முனைகள் வரிசையாக அ, ஆ, இ, ஈ. அவற்றுக்கு நேர் மேலே, அதே வரிசையில், உ, ஊ, எ, ஏ. அதாவது அ-வுக்கு மேலே உ, ஆ-வுக்கு மேலே ஊ. "அ-ஆ என்ற விளிம்புக்குச் செங்குத்தான விளிம்புகள் எத்தனை?" விடைத்தாளில் 4 என்று இருக்கிறது. இவள் எழுதியது 8.

"மாமா, ரெண்டு விளிம்போட திசையை வெச்சுப் போடுற புள்ளிப் பெருக்கல் பூஜ்யம்னா செங்குத்துதானே? அந்த எட்டுக்கும் பூஜ்யம்தான் வருது. அப்புறம் நாலு எங்க போச்சு?" என்கிறாள். நான் படித்த காலத்தில் செங்குத்துக் கோடுகள் என்றால் ஒன்றையொன்று 90 பாகையில் வெட்ட வேண்டும். வெட்டவே வெட்டாத இரண்டு கோடுகளை எப்படிச் செங்குத்து என்பது?

இதை யோசிக்கப் போய் இன்னொன்றிலும் சிக்கிக்கொண்டேன். சந்திக்காத கோடுகள் இணைகோடுகள் என்றுதான் மனப்பாடம் செய்தேன். மேல்முகத்தில் உள்ள உ-ஏ விளிம்பை எவ்வளவு நீட்டினாலும் அது அ-ஆ கோட்டைத் தொடாது. அதற்காக அதை இணை என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். அது "ஒரு தளத்தில் அமையாக் கோடுகள்" வகை என்று இவள் சொல்கிறாள். சரி, ஒரே ஜோடி அந்த வகையாகவும் இருந்து செங்குத்தாகவும் இருக்க முடியுமா? சந்திக்காத இரண்டு கோடுகளுக்கு நடுவே கோணம் என்று எங்கே நின்று அளப்பது? தூரத்தை எங்கிருந்து எங்கே அளப்பது? விவரமாகச் சொன்னால் நல்லது.

பூஜ்யம்

எட்டுதான். புள்ளிப் பெருக்கல் பூஜ்யம், வழக்கு முடிந்தது. விடைத்தாள் போட்டவர் தளத்தை விட்டு வெளியே வரவில்லை.

சாய்வு

வழக்கு அவ்வளவு சுலபமாக முடியாது. விடைத்தாளைத் திட்டுவதற்கு முன்னால் எந்த வரையறையை வைத்துக் கேட்டார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டு வழக்கங்கள் உண்டு, இரண்டும் அச்சில் இருப்பவைதான். செங்குத்து என்றால் 90 பாகையில் வெட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. திசைகளுக்கு இடையே 90 பாகை இருந்தால் போதும், வெட்டிக்கொள்வது கட்டாயமில்லை என்பது மற்றது. கீழ்வகுப்பு வடிவியல் முதலாவதைப் பிடித்துக்கொள்கிறது. வெக்டர் பாடம் இரண்டாவதில்தான் ஓடுகிறது, ஏனென்றால் வெக்டருக்குத் திசை தெரியும், இடம் தெரியாது. பெண் வெக்டர் படித்துவிட்டு வந்து எட்டு என்று சொன்னால் அதில் தப்பே இல்லை.

மாமாவின் குழப்பத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது: இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒரே கேள்வியாகக் கேட்கிறீர்கள். திசை எப்படி என்பது ஒன்று. சந்திக்கின்றனவா என்பது இன்னொன்று. தளத்துக்குள் இருக்கும்வரை முதல் கேள்வியே இரண்டாவதற்கும் பதில் சொல்லிவிடும்: திசை வேறுபட்டால் சந்தித்தே தீரும், ஒன்றானால் சந்திக்காது. அதனால் பிரித்துக் கேட்கும் பழக்கமே நமக்கு வராமல் போகிறது. முப்பரிமாண வெளிக்கு வந்தால் திசை வேறாக இருந்தும் சந்திக்காமல் போகலாம். அந்தப் புது இனம்தான் ஒரு தளத்தில் அமையாக் கோடுகள். உண்மையில் வெளியில் அதுதான் பெரும்பான்மை. தளத்தில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கோடு போட்டால் வெட்டிக்கொள்ளும், இணையாக அமைவது அபூர்வம். வெளியில் அப்படிப் போட்டால் இணையாகவும் இராது, வெட்டவும் செய்யாது.

யூக்ளிட் இதில் உஷாராக இருந்தார். முதல் புத்தகத்தின் 23-ஆம் வரையறையில் இணைகோடுகளைச் சொல்லும்போது, ஒரே தளத்தில் இருந்து, இருபுறமும் எல்லையின்றி நீட்டினாலும் சந்திக்காதவை என்கிறார். நாம் மனப்பாடம் செய்யும்போது விழுங்கிவிடுவது அந்த "ஒரே தளத்தில்" என்ற பகுதியைத்தான். அது போனால் உ-ஏ விளிம்பும் அ-ஆ விளிம்புக்கு இணையாகிவிடும்.

சந்திக்காத கோடுகளுக்குக் கோணம் எப்படி? ஒரு கோட்டைத் திசை மாறாமல் நகர்த்தி மற்றதைத் தொடும்படி வையுங்கள். அப்போது கிடைப்பதுதான் கோணம். உ-ஏ விளிம்பை நேர் கீழே இறக்கினால் அ-ஈ மேல் போய் உட்காரும். அ-ஈ, அ-ஆ இரண்டும் 90 பாகை. ஆகவே உ-ஏ, அ-ஆ இரண்டும் 90 பாகைதான். வேறு இடத்துக்கு நகர்த்தினால் கோணம் மாறிவிடாதா என்று கேட்கலாம். மாறாது. அதையும் யூக்ளிட் 11-ஆம் புத்தகத்தின் 10-ஆம் தேற்றத்தில் நிரூபித்துவிட்டார்: வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகள், வேறொரு தளத்தில் வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகளுக்கு முறையே இணையாக இருந்தால் கோணங்கள் சமம். அந்தத் தேற்றம் இல்லாவிட்டால் இந்தக் கோணம் என்ற பேச்சுக்கே ஆதாரம் கிடையாது.

இப்போது எண்ணிப் பாருங்கள். அ-ஆ தவிர மீதி 11 விளிம்புகள். ஈ-இ, உ-ஊ, ஏ-எ மூன்றும் இணை. அ-ஈ, அ-உ, ஆ-இ, ஆ-ஊ நான்கும் தொட்டு நிற்கும் செங்குத்து. உ-ஏ, ஊ-எ, ஈ-ஏ, இ-எ நான்கும் தொடாமல் நிற்பவை, திசையால் செங்குத்து. கனசதுரம் முழுவதற்கும் 66 ஜோடிகள்: 18 இணை, 24 வெட்டுபவை, 24 வெட்டாமலும் இணையாகாமலும் நிற்பவை.

நான்கு முக்கோண முகங்கள் கொண்ட நான்முகியில் நிலைமை வேறு. 6 விளிம்பு, 15 ஜோடி, இணை ஒன்றுகூடக் கிடையாது. எதிரெதிர் விளிம்புகளான 3 ஜோடிகள் மட்டும் சந்திக்காதவை. எல்லா விளிம்பும் சமமான ஒழுங்கு நான்முகியாக இருந்தால் அந்த மூன்றும் செங்குத்து. கையில் ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள், புத்தகத்தைவிடச் சீக்கிரம் புரியும்.

தளத்துப் பழக்கம் காலை வாரிவிடும் இன்னோர் இடம்: "ஒரே கோட்டுக்குச் செங்குத்தான இரு கோடுகள் இணை." தளத்தில் சரி. இங்கே அ-ஈ, ஆ-ஊ இரண்டும் அ-ஆவுக்குச் செங்குத்து, ஆனால் தமக்குள் இணையும் இல்லை, சந்திப்பதும் இல்லை. ஒரே *தளத்துக்கு*ச் செங்குத்தான இரு கோடுகள் இணை என்று மாற்றினால் வெளியிலும் நிற்கும்.

தேர்வில் என்ன எழுதுவது என்றால்: எண் மட்டும் எழுதாமல் "வெட்டிக்கொள்பவை 4, வெட்டாமல் செங்குத்தான திசையில் உள்ளவை 4" என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். கொள்குறி வினாவாக இருந்தால் எந்தப் பாடத்தின் கீழ் கேட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியதுதான், வேறு வழியில்லை.

பல்சக்கரம்

சார் சொன்னதுல இணை, வெட்டுறது, வெட்டாம போறது மூணுமே என் மேஜை மேல இருக்கு. நான் கியர்பாக்ஸ் வேலை பாக்குறவன்.

ரெண்டு ஷாஃப்ட் இணையா ஓடினா ஸ்பர் கியர் (நேர் பல்லு) போதும், இல்லன்னா ஹெலிக்கல் (சாஞ்ச பல்லு). ரெண்டு அச்சும் ஒரு புள்ளியில சந்திக்கிற மாதிரி இருந்தா பெவல் கியர். அதுல பல்லெல்லாம் கூம்பு மேல வெட்டியிருக்கும், ரெண்டு கூம்போட உச்சியும் அந்தச் சந்திக்கிற புள்ளியிலதான் விழணும். சந்திக்காத அச்சுக்கு வார்ம் கியர். வார்ம்னா திருகாணி மாதிரி புரி வெட்டின ஷாஃப்ட். வார்ம் மேல ஓடும், வீல் கீழ நிக்கும், ரெண்டு அச்சும் 90 பாகை, ஆனா ஒண்ணை ஒண்ணு வெட்டாது. சார் சொன்ன அந்த நாலு விளிம்பு மாதிரியேதான். ஒரு ஸ்டார்ட் (ஒத்தைப் புரி) வார்ம், 40 பல்லு வீல்னா வார்ம் 40 சுத்து சுத்தினாத்தான் வீல் ஒரு சுத்து.

தூரத்தை எங்க அளக்குறதுன்னு கேட்டீங்களே. டிராயிங்ல "சென்டர் டிஸ்டன்ஸ்"னு ஒரு அளவு போட்டிருப்பான். வார்ம் அச்சுக்கும் வீல் அச்சுக்கும் நடுவுல, ரெண்டுக்குமே 90 பாகையா நிக்கிற ஒரே ஒரு கோடு, அதோட நீளம்தான் அது. வேற எங்க அளந்தாலும் அதைவிடக் கூடத்தான் வரும். அது குறைஞ்சா பல்லு சிக்கும், கூடினா ஆட்டம் வரும். அளவு சரியா இருந்தும் வீல் தன் அச்சோடயே அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்ந்திருந்தா, பல்லுல மார்க்கிங் புளூங்கிற நீல மை தடவிச் சுத்திவிட்டுப் பார்த்தா தெரியும். நடுவுல பிடிக்க வேண்டிய தடம் ஓரத்துல பிடிச்சிருக்கும்.

பின்சக்கர ஓட்டம் உள்ள வண்டி டிஃபரென்ஷியல்ல ஹைப்பாய்ட்னு ஒண்ணு உண்டு. பாக்க பெவல் மாதிரியே இருக்கும், ஆனா பினியன்ங்கிற சின்னச் சக்கரத்தோட அச்சு, கிரவுன் வீல்ங்கிற பெரிய சக்கரத்தோட அச்சை வெட்டாம கொஞ்சம் கீழ இறங்கி ஓடும். அந்த இறக்கத்தால ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் தாழும், வண்டிக்குள்ள தரையும் தாழும், பினியனையும் கொஞ்சம் பெரிசா போட முடியுது. ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு. பல்லு உருளுறதோட நீளவாக்குல வழுக்கவும் செய்யும், அதனாலதான் அதுக்கு இ.பி. (அதிக அழுத்தம் தாங்குற) ஆயில் ஊத்தச் சொல்றாங்க. சாதா ஆயில் ஊத்தினா பல்லு சுரண்டிடும்.

மாலைவகுப்பு

சென்டர் டிஸ்டன்ஸ் விஷயம் எனக்கு நன்றாகப் பிடிபட்டது அண்ணே. கோணமும் இப்போது குழப்பமில்லை. நாலும் எட்டும் இரண்டுமே நிற்கும் என்று சொன்னதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அடுத்த கணக்கில் உட்கார்ந்திருக்கிறாள். அதே கனசதுரம், விளிம்பு 1. கீழ்முகத்தின் மூலைவிட்டம் அ-இ, பக்கத்து முகத்தின் மூலைவிட்டம் ஆ-எ. இரண்டுக்கும் இடையே மீச்சிறு தூரம் என்ன? சூத்திரத்தில் போட்டு 1/√3 என்று கொண்டுவந்துவிட்டாள். கோணம் 60 பாகையாம். சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 1/√3 எங்கே இருக்கிறது என்று கேட்டால் "சூத்திரத்துல மாமா" என்கிறாள். எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். விளிம்புகளுக்கு என்றால் பொதுச் செங்குத்து தானாகக் கண்ணில் படுகிறது, இதில் எதுவும் படவில்லை.

டீஸ்கொயர்

கணினி வருவதற்கு முந்தைய டிராஃப்ட்ஸ்மேன் நான். எங்களுக்கு வெக்டர் தெரியாது, ஆனால் இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுத் தூரத்தை ஸ்கேலில் அளந்துவிடுவோம். முறை பழையது. விளக்க வடிவியல் என்று இதற்கு ஓர் ஒழுங்கு ஏற்படுத்தியவர் பிரான்சின் காஸ்பார் மோஞ்ச், 1795-இல் பாரிசில் பாடமாகவே நடத்தினார்.

தந்திரம் ஒன்றே ஒன்று. இரண்டு கோடுகளில் ஏதாவது ஒன்றின் நீளவாக்கிலேயே கண்ணை வைத்துப் பாருங்கள். அந்தக் கோடு ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும். மற்றது கோடாகவே தெரியும். புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்துப் போட்டால், அந்த நீளம்தான் மீச்சிறு தூரம். குறையாமல் கூடாமல் உண்மை நீளம்.

இப்போது கனசதுரத்தை 100 மில்லிமீட்டராக எடுத்துக்கொள்ளுங்கள். அ முனைக்கு வெளியே நின்று, அ-விலிருந்து இ-யை நோக்கி, கீழ்முகத்தின் மட்டத்திலேயே பாருங்கள். கனசதுரம் ஒரு செவ்வகமாகத் தெரியும். உயரம் 100, அகலம் முகத்தின் மூலைவிட்டம், அதாவது 141.4. நட்டநடுவே ஒரு நிமிர்கோடு: அ-உ விளிம்பும் அதற்குப் பின்னால் இ-எ விளிம்பும் ஒன்றின்மேல் ஒன்று. அ-இ மூலைவிட்டம் முழுவதும் அடிக்கோட்டின் மையத்தில் ஒற்றைப் புள்ளி. ஆ வலது கீழ் மூலையில் இருக்கும். எ நடுக்கோட்டின் உச்சியில். இந்த இரண்டையும் சேர்த்தால் ஆ-எ வந்துவிட்டது.

படத்தின் வலது பாதியில் ஒரு செங்கோண முக்கோணம் நிற்கிறது பாருங்கள். அடி 70.7, உயரம் 100, செங்கோணம் இருப்பது அந்த ஒற்றைப் புள்ளியில். கர்ணம் 122.5. செங்கோண முனையிலிருந்து கர்ணத்துக்குச் செங்குத்து இறக்குங்கள். நீளம் 70.7 பெருக்கல் 100 வகுத்தல் 122.5, அதாவது 57.7. பாப்பாவின் 1/√3 அதுதான். பென்சில் சீவியிருந்தால் ஸ்கேலிலும் 57.7-க்குப் பக்கத்தில் விழும்.

அந்தச் செங்குத்தின் கால் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள், எனக்குப் பிடித்த இடம் அது. ஆ-எ கோட்டில் ஆ-விலிருந்து சரியாக மூன்றில் ஒரு பங்கில். அ-இ கோட்டில் அது தொடும் இடம் இந்தப் பார்வையில் தெரியாது, எல்லாம் ஒரே புள்ளியாகிவிட்டதே. மறுபடி ஆ-எ நீளவாக்கில் பார்த்து இன்னொரு படம் போட்டால் கிடைக்கும்: அ-விலிருந்து மூன்றில் இரண்டு பங்கு. நடுவோடு நடுவைச் சேர்ப்பதாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் இங்கே அகப்படுவார்கள்.

படமே வேண்டாம் என்றால் ஈ-யிலிருந்து ஊ-வுக்கு உடல் மூலைவிட்டம் ஒன்று இழுங்கள். நீளம் √3. அ, இ, ஏ மூன்றையும் சேர்த்த முக்கோணத் தளமும், ஆ, எ, உ சேர்த்த முக்கோணத் தளமும் ஒன்றுக்கொன்று இணை. இரண்டும் அந்த மூலைவிட்டத்துக்குச் செங்குத்து, அதைச் சரியாக மூன்று சமத் துண்டாக்குகின்றன. முதல் தளத்தில் அ-இ கிடக்கிறது, இரண்டாவதில் ஆ-எ. நடுத்துண்டின் நீளம் √3/3. சந்திக்காத, இணையாகாத எந்த இரண்டு கோட்டுக்கும் இப்படி ஒரு ஜோடி இணைதளம் உண்டு, ஒரே ஒரு ஜோடிதான்.

கோணம் 60 என்பதையும் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அந்த உடல் மூலைவிட்டத்தின் நீளவாக்கில் பாருங்கள். இரண்டு கோடுகளும் வெட்டுவதுபோல் தெரியும், தெரியும் கோணம் உண்மைக் கோணம். வேறு எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் அந்தக் கோணத்தை நம்பக் கூடாது.

கடைசிபெஞ்ச்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே பாடம். (0, 0, 1) வழியாக (1, 2, 1) திசையில் ஒரு கோடு, (4, 1, 3) வழியாக (−2, 3, 0) திசையில் இன்னொன்று. இரண்டும் வெட்டுமா என்று கேள்வி. துணையலகு (திசையை எத்தனை மடங்கு எடுக்கிறோம் என்பது) ச என்று வைத்துச் சமப்படுத்தினேன். முதல் ஆயத்தொலைவில் ச = 4/3, இரண்டாவதில் ச = −1. ஒத்துவரவில்லை, ஆகவே வெட்டாது என்று முடித்தேன். விடை வெட்டும் என்கிறது.

சாய்வு

விடை சரி. இரண்டு கோட்டுக்கும் ஒரே எழுத்தைப் போட்டதுதான் வினை. துணையலகை நேரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கோட்டிலும் ஓர் எறும்பு போகிறது. ஒரே எழுத்தைப் போட்டால் இரண்டு எறும்பும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வருமா என்று கேட்டதாகிறது. உங்களுக்கு வேண்டியது பாதைகள் வெட்டுமா என்பது. ஓர் எறும்பு முன்னாலேயே கடந்து போயிருக்கலாம்.

ஒன்றுக்கு ச, மற்றதற்கு த. ச = 4 − 2த; 2ச = 1 + 3த; 1 + ச = 3. மூன்றாவதிலிருந்து ச = 2. முதலாவதில் போட்டால் த = 1. இரண்டாவதில் சரிபார்த்தால் 4 = 4. வெட்டும் புள்ளி (2, 4, 3). அறியாதது இரண்டு, சமன்பாடு மூன்று. இரண்டை வைத்துத் தீர்த்துவிட்டு மூன்றாவதில் சரிபார்க்காமல் யாரும் விடை எழுதாதீர்கள்.

மீச்சிறு தூரத்துக்குச் சூத்திரம் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதலில் திசைகளின் குறுக்குப் பெருக்கலை, அதாவது இரண்டு திசைக்கும் செங்குத்தாக வரும் வெக்டரைக் கண்டுபிடியுங்கள். அது பூஜ்ய வெக்டராக வந்தால் கோடுகள் இணை. அப்போது முப்பெருக்கல் (புள்ளிகளின் வித்தியாசத்தை அந்தக் குறுக்குப் பெருக்கலோடு புள்ளிப் பெருக்குவது) சூத்திரத்தில் கீழே பூஜ்யம் வந்து நிற்கும், தூரம் பூஜ்யம் என்று எழுதிவைத்துவிடுகிறார்கள். இணைகோடுகளுக்கு அது உதவாது. ஒரு கோட்டின் ஒரு புள்ளியிலிருந்து மற்றதன் ஒரு புள்ளிக்குப் போகும் வெக்டரைத் திசையோடு குறுக்குப் பெருக்கி, அதன் நீளத்தைத் திசையின் நீளத்தால் வகுக்க வேண்டும். குறுக்குப் பெருக்கல் பூஜ்யமில்லாமல் முப்பெருக்கல் மட்டும் பூஜ்யம் என்றால் கோடுகள் வெட்டிக்கொள்கின்றன. கடைசிபெஞ்ச், உங்கள் கணக்கிலேயே அதைப் போட்டுப் பாருங்கள், துணையலகு எதுவும் இல்லாமல் இரண்டே வரியில் தெரிந்துவிடும்.

கடைசிபெஞ்ச்

குறுக்குப் பெருக்கல் (−3, −2, 7). புள்ளிகளின் வித்தியாசம் (4, 1, 2). பெருக்கிக் கூட்டினால் −12 − 2 + 14 = 0. வெட்டுகிறது. நன்றி சார்.